இருபது கொம்பு

எங்கண்ணன் குணசேகரன் மாட்டுக் கொம்பை மண்ணுல பொதைக்கிற ஆளு. ஊர்ல யாரைக் கேட்டாலும் மொதல்ல இதைத்தான் சொல்லுவாங்க. அடுத்ததா, "ஒயின்ஸ் குணாவா?"ன்னு கேப்பாங்க. கேட்டுட்டு ஒரு சிரிப்பு சிரிப்பாங்க பாருங்க, அந்தச் சிரிப்புக்கே ஒண்ணு வைக்கலாம் போல இருக்கும். இத்தனைக்கும் அவன் குடிக்க மாட்டான். தானே போட்ட ஒயினைக் கூட ஒரு மடக்கு வாயில வச்சு, கண்ணை மூடி, கொப்புளிச்சுத் துப்பிடுவான். துப்புறதுக்காகவா ஒருத்தன் இந்தப் பாடு படுவான்னு நானே எத்தனையோ தடவை அவனைத் திட்டியிருக்கேன்.

நான் அவன் தங்கச்சி, தங்கமணி. கிராம சுகாதார நர்ஸ். ஊசியை விட உன் வாய்தான் வலிக்குதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு. சொல்லிட்டுப் போகட்டும். அண்ணனைப் பத்தி பெங்களூர்லேர்ந்து ஒரு பத்திரிகைக்காரங்க வந்து நாலு பக்கம் எழுதினாங்க. திராட்சைப் பந்தலுக்குக் கீழ அவன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி போட்டோ. அழகாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல எங்கப்பாவைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. எங்கப்பா இல்லாம அண்ணன் கதையைச் சொன்னா அது அரைக் கதை. அதனாலதான் நான் சொல்ல வேண்டியிருக்கு.

எங்க ஊரு நன்னிலத்துலேர்ந்து பஸ்ல இருபது நிமிஷம். எங்கப்பா பேரு ரெத்தினம். அந்தக் காலத்துல பெரிய தெருவுல யார் வீட்டு மாடு செத்தாலும் எங்க தெரு ஆளுங்கதான் போய் இழுத்துட்டுப் போகணும். கூலி கெடையாது, கேள்வி கெடையாது. எங்க தாத்தா காலம் பூரா அதைச் செஞ்சாரு. அப்பாவும் சின்ன வயசுல அவர் பின்னாடி போயிருக்காரு. தோலை உரிக்க, கொம்பைக் கழட்ட, எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனா அதைப் பத்தி எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. அம்மா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

எழுபத்து நாலுல அப்பாவுக்கு இருபத்தஞ்சு வயசு. கல்யாணம் ஆன புதுசு. பெரிய தெருவுல பசு ஒண்ணு செத்துப்போச்சு, வாடான்னு ஆள் வந்துச்சு. "வர மாட்டேன். உங்க மாட்டை நீங்களே எடுத்துக்குங்க"ன்னுட்டாரு. அன்னைக்குச் சாயங்காலமே களத்துல போட்டு அடிச்சாங்க. இடது தோள்பட்டை எறங்கிப்போச்சு. கட்டுப் போட்டவரு சரியாப் போடல. அதுக்கப்புறம் அந்தக் கை காதுக்கு மேல போனதே இல்ல. சட்டை போடணும்னா அம்மாதான் கையை நுழைச்சு விடணும்.

அடிச்சாங்களே தவிர, அதோட அந்த வழக்கம் நின்னுபோச்சு. அப்பா ஒருத்தர் மாட்டேன்னாரு, தெருவே மாட்டேன்னுடுச்சு. ஒரு போகம் பூரா யாரும் எங்க ஆளுங்களை வேலைக்குக் கூப்பிடல. பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாப் போய்த் தேங்காய் உரிச்சுப் பொழைச்சாங்க. திரும்பி வந்தப்ப, பெரிய தெரு ஆளுங்க அவங்க மாட்டை அவங்களே குழி வெட்டிப் பொதைக்கப் பழகியிருந்தாங்க. எங்கப்பா அஞ்சாவதுதான் படிச்சாரு. பதவி கெடையாது, சொத்து கெடையாது. அவர்கிட்ட இருந்ததெல்லாம் அந்த ஒரு 'மாட்டேன்'தான்.

அப்புறம் பதினோரு வருஷம் தாலுக்கா ஆபீசுக்கு நடையா நடந்து, ஆத்துப் படுகையில மூணு மாவுக்குப் பட்டா வாங்கினாரு. மூணு மான்னா ஒரு ஏக்கர். நல்ல வண்டல் மண்ணு, மேடு, எந்த வெள்ளத்துலயும் தண்ணி நிக்காது. வாழை போட்டாரு. அந்த வாழையை வித்துத்தான் என்னை நர்சிங் படிக்க வச்சாரு, அண்ணனை ஐடிஐ படிக்க வச்சாரு.

அண்ணன் ஃபிட்டர் முடிச்சுட்டு நாசிக் பக்கம் வேலைக்குப் போனான். ஒரு ஒயின் பண்ணையில பம்ப்பு ரிப்பேர் பாக்கப் போனவன், பதினாலு வருஷம் அங்கயே கெடந்தான். அந்தப் பண்ணையில யூரியா கெடையாது, பூச்சி மருந்து கெடையாது. கன்னு போட்ட பசுவோட கொம்புக்குள்ள பச்சைச் சாணியை அடைச்சு, குளிர் காலத்துக்கு முன்னாடி பொதைச்சுடுவாங்க. ஆறு மாசம் கழிச்சு எடுத்தா சாணி காப்பித்தூள் கணக்கா உதிரும், நாத்தம் சுத்தமா இருக்காது. அதுல ஒரு பிடியை அண்டாத் தண்ணியில போட்டு ஒரு மணி நேரம் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாத்தி மாத்திச் சுழட்டி, சாயங்காலத்துல மண்ணுல தெளிப்பாங்க. எந்த நாள்ல நடணும், எந்த நாள்ல வெட்டணும்னு நிலாவைப் பாத்துச் செய்வாங்க. அந்தப் பண்ணை ஓனர் ஒரு வெள்ளைக்காரர். அவர்கிட்ட இவன் நம்ம தினசரிக் காலண்டரைக் காட்டி, மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள்னு எங்க ஊர்ல மளிகைக் கடையிலயே இதை ஓசியாத் தருவாங்கன்னு சொன்னானாம். அந்த மனுஷன் அசந்துபோயிட்டாராம். இதைச் சொல்லும்போது அண்ணன் மூஞ்சியைப் பாக்கணும்.

ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல ஊருக்கு வந்து, வாழையை எடுத்துட்டுப் பன்னீர் திராட்சை போடப் போறேன்னான். டெல்டாவுல திராட்சையா, உனக்கு மூளை கெட்டுப்போச்சான்னு நான் கத்தினேன். அப்பா சிரிச்சுக்கிட்டே, "செய்யட்டும்டி, மண்ணு அவனுக்கும்தானே"ன்னாரு. மொதக் குச்சியை நட்டதே அப்பாதான். ஒத்தைக் கையால குழியைத் தட்டி, தண்ணி ஊத்தி, நிமிந்து பாத்து, "ஏதோ வெள்ளைக்காரன் வேலை"ன்னாரு. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

நம்ம ஊர்ல வீட்டுல ஒயின் போட்டா கேஸு. அதனால அண்ணன் பங்குனியில பழத்தை வெட்டி, வேன்ல ஏத்தி, ஓசூர் தாண்டிக் கொண்டுபோவான். நாசிக்ல கூட வேலை பாத்தவன் அங்க லைசென்ஸோட சின்னதா ஒரு எடம் வச்சிருக்கான். அதுல ஒரு மூலையில இவனோட மண்தாழி ஆறு இருக்கும். சர்க்கரை போட மாட்டான், ஈஸ்ட் போட மாட்டான். பழத்தோல் மேல வெள்ளையாப் படிஞ்சிருக்கே, அதுவே நொதிக்க வச்சுடுமாம். வேற எதையும் சேத்தா அது மண்ணோட ருசி இல்லையாம். பித்துன்னா அப்படி ஒரு பித்து. ஆனா அந்தப் பித்துக்குப் பெங்களூர்ல ஆள் இருந்தாங்க. மூணாவது வருஷத்துலேர்ந்து அவன் சரக்கு முழுக்க முன்கூட்டியே சொல்லிவச்சு வாங்கிட்டுப் போனாங்க.

பிரச்சினை கொம்புலதான் வந்துச்சு. நாசிக்லேர்ந்து ஒரு கோணியில பத்து கொம்பு கொண்டுவந்தான். புத்தகத்துப்படி ஒரு ஏக்கருக்கு ஒண்ணு ரெண்டே போதுமாம். இவன், "தங்கம், இது முப்பது வருஷம் யூரியா தின்ன மண்ணு, இதுக்கு இருபதாச்சும் வேணும்"பான். இருபதுன்னு அவன் மனசுல எப்படியோ விழுந்துடுச்சு. நாகப்பட்டினத்துல கறிக்கடையில கேட்டா மூட்டையாத் தருவாங்களேன்னு நான் சொன்னேன். அதெல்லாம் ஆகாதாம். கன்னு போட்ட பசுவா இருக்கணும், இந்த மண்ணுல மேஞ்ச மாடா இருக்கணும். எங்க பக்கம் உழவு மாட்டுக்குக் கொம்பைத் தீய்ச்சு விட்டுருவாங்க. இப்ப வர்ற ஜெர்சி மாட்டுக்கும் கொம்பு கெடையாது. கொம்போட நாட்டுப் பசு வச்சிருந்தது பெரிய தெருவுல இராஜாங்கம் ஐயா வீடுதான். இவன் நேரா அவர் வாசலுக்குப் போயி, "உங்க வீட்டுப் பசு ஏதாச்சும் தவறிப்போனா சொல்லுங்கய்யா, கொம்பை மட்டும் எடுத்துக்கிறேன்"னு கேட்டிருக்கான். யார் பெத்த புள்ள, எந்த வாசல்ல போய் நின்னு எதைக் கேக்குது பாருங்க!

மொத மாடு செத்தப்ப போனான். ஹேக்ஸா பிளேடால கொம்பை அறுத்தான். சும்மா அறுத்துட்டு வந்திருந்தாக் கூடப் பரவாயில்ல. அவங்க ஆளுங்க மாட்டைக் குழிக்கு இழுக்க முடியாமத் திணறுறதைப் பாத்து, கொம்பு வாங்கிட்டு அப்படியே போறது மொறை இல்லன்னு, இவனும் ஒரு பக்கம் கயித்தைப் பிடிச்சிருக்கான். அந்தக் கயித்தைத் தொட்டதுதான் தப்பு. அது தப்புன்னு அவனுக்குத் தோணவே இல்ல.

அப்பா காதுக்கு அதைக் கொண்டுபோனது நான்தான். மறைக்க மாட்டேன். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். அண்ணன் கொம்பு பெருமையையே பேசிக்கிட்டு இருந்தான். எனக்கு ஆத்திரம் தாங்கல. "போதும்டா, செத்த மாட்டை இழுத்துட்டு வந்து இங்க கதை பேசாதே"ன்னுட்டேன்.

அப்பா நிமிந்தாரு. "யார் வீட்டு மாடு?"

"இராஜாங்கம் ஐயா வீட்டு மாடுப்பா. நான் கொம்புக்காகத்தான் போனேன்."

"குழிக்கு இழுத்தது யாரு?"

"நானும் ஒரு கை பிடிச்சேன்." அண்ணன் அப்பவும் நிறுத்தல. "அப்பா, அதைக் கேவலம்னு சொன்னது அவங்க. நாம ஏம்பா அதை நம்பணும்? மாடு, சாணி, கொம்பு எல்லாம் மண்ணுக்கு மருந்துப்பா."

அண்ணன் சொன்னதுல தப்பு இல்லங்க. அதான் கொடுமை. ஆனா அப்பா தோள்பட்டையும் பொய் இல்லையே. அவர் பாதிச் சோத்துல எந்திரிச்சுக் கையைக் கழுவினாரு. "அந்தக் கொம்பு கெடக்குற மண்ணுல இனிமே என் கால் படாது"ன்னாரு. பதினோரு வருஷம் நடந்து வாங்கின மண்ணு. அன்னையிலேர்ந்து தோட்டத்துக்குப் போறதை விட்டாரு, அண்ணனோட பேசுறதையும் விட்டாரு.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆகல. 'ஒயின்ஸ்' மாப்பிள்ளைக்கு யார் பொண்ணு கொடுப்பா? தோட்டத்துலயே ஒரு ஷெட் போட்டு இருந்துக்கிட்டான். சோத்துக்கு மட்டும் வீட்டுக்கு வருவான். அவன் உள்ள வந்தா அப்பா எந்திரிச்சு ரூமுக்குள்ள போயிடுவாரு. அம்மா காளியம்மாள் ரெண்டு பேருக்கும் நடுவுல தட்டைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சுது. ஒவ்வொரு நாளும் கைகழுவுறப்ப அண்ணன், "அப்பா தோட்டத்துப் பக்கம் வர்றேன்னு ஏதாச்சும் சொன்னாராம்மா?"ன்னு கேப்பான். இல்லப்பான்னு அம்மா சொல்லும். கஜா புயல்ல பந்தல் மொத்தமும் படுத்துச்சு, அப்பவும் அப்பா வரல. பத்திரிகையில போட்டோ வந்துச்சு, அப்பவும் வரல. அவனுக்குப் பெங்களூர்க்காரங்க பாராட்டு, அவார்டு எதுவும் பெருசாத் தெரியல. அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை பந்தலுக்குக் கீழ வந்து நின்னாப் போதும்னு என்கிட்ட அழுதிருக்கான், நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளை.

அப்போ கொம்பை விட்டுத் தொலையேண்டான்னா, கேக்க மாட்டான். அடுக்களையில நின்னு, உள்ள அப்பாவுக்குக் கேக்கட்டும்னு அம்மாகிட்ட சத்தமாச் சொல்லுவான்: "பதினாறு ஆச்சும்மா. இருபது ஆயிட்டா நாலஞ்சு வருஷத்துக்கு அதையே திருப்பித் திருப்பிப் பொதைக்கலாம். அப்புறம் எவன் வாசல்லயும் நான் போய் நிக்க வேண்டியதில்ல."

இராஜாங்கம் ஐயா வீட்டுக் காரியம் பாக்குறவர் பேரு ரெங்கசாமி. மொத வருஷம் அவர் அண்ணனுக்கு ஃபோன் பண்ணி, "தம்பி, பசு ஒண்ணு தவறிடுச்சு, கொம்பு வேணுங்களா?"ன்னு கேட்டாரு. அடுத்த தடவை, "வந்து எடுத்துக்கப்பா"ன்னாரு. அதுக்கடுத்த தடவை நான் பக்கத்துலயே இருந்தேன், என் காதாலயே கேட்டேன்: "மாடு கெடக்கு, சீக்கிரம் வா, நாத்தம் எடுக்குது." அது கொம்பே இல்லாத ஜெர்சி மாடு! இவன் அதுக்கும் போய்க் கயிறு பிடிச்சுட்டு வந்தான். "கூப்பிடுறாங்க, மாட்டேன்னா நல்லா இருக்காது தங்கம்"ங்கிறான். எங்கப்பா எந்த வார்த்தையைச் சொல்லித் தோளைக் கொடுத்தாரோ, அந்த வார்த்தையைச் சொல்ல இவனுக்குக் கூச்சமா இருக்காம். "அவங்க பேச்சு எப்படி மாறியிருக்குன்னு கவனிச்சியா?"ன்னு கேட்டேன். "நீ எல்லாத்தையும் தப்பாவே எடுத்துக்குவ"ன்னுட்டான்.

ரெண்டாயிரத்து இருபத்து மூணு, ஐப்பசி. காலண்டர்ல கீழ்நோக்கு நாள் பாத்துக் கொம்பு பொதைச்சோம். பதினெட்டு இருந்துச்சு. சாணி அடைச்ச கொம்பை எண்ணி எண்ணி எடுத்துக் கொடுத்தது நான்தான், அதனால அந்தக் கணக்குல எனக்குச் சந்தேகமே இல்ல. வாய் கீழ பாக்க வரிசையா வச்சு மண்ணைத் தள்ளினான். "இன்னும் ரெண்டுதான்"னான். மறுவாரம், போன வருஷத்து ஒயினைப் புட்டியில அடைக்க ஓசூர் கெளம்பிப் போனான். அவன் வேலை பாக்குற எடம் தரைக்குக் கீழ இருக்கு, ஃபோன் எடுக்காது.

அவன் போன நாலாவது நாள் ரெங்கசாமி எங்க தெருவுக்கு வந்தாரு. நான் பக்கத்து ஊர்ல தடுப்பூசி போட்டுக்கிட்டு இருந்தேன். நல்ல மழை. வண்டியை விட்டு எறங்காம, வாசல்லேர்ந்தே கூப்பிட்டிருக்காரு. "ரெத்தினம்! ஒம் மவன் ஃபோனை எடுக்கல. நேத்தே மாடு போச்சு, தோப்புல கெடக்கு. நீயாச்சும் வா."

தெருவே வெளிய வந்து நின்னுச்சாம். அம்பது வருஷமா அப்படி ஒரு குரல் எங்க தெருவுல கேட்டதில்ல. எல்லாரும் அப்பாவைப் பாத்தாங்களாம். அப்பா தன்னோட சிவப்புக் கரைத் துண்டை எடுத்துத் தோள்ல போட்டாரு. மழையில எறங்கி வண்டிக்குப் பின்னாடி நடந்து போனாரு.

எனக்கு ஃபோன் வந்து, கையில இருந்ததைப் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடியாந்தேன். அப்பா ஆத்துல குளிச்சுட்டு ஈரத் துண்டோட சுவரைப் பாத்து உக்காந்திருந்தாரு. இடது தோள் வீங்கியிருந்துச்சு. எழுபத்து நாலு வயசு மனுஷன்.

"ஏம்பா போனீங்க? ஏம்பா?"

"கூப்பிட்டான், போனேன்."

"உங்களை யாரு கூப்பிட முடியும்? நீங்க யாருன்னு மறந்துபோச்சா உங்களுக்கு?"

எங்கப்பா உடைஞ்சுபோயிட்டாருன்னு நெனைச்சு நான் தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன். அண்ணனுக்கு ஃபோன் பண்ணிப் பண்ணி, ராத்திரி கெடைச்சப்ப, வாயில வந்ததெல்லாம் சொன்னேன். நீ கயித்தைத் தொட்ட, அதைக் கொண்டுவந்து அப்பா கையில கொடுத்துட்டியேன்னு சொன்னேன்.

மறுநாள் பஸ் புடிச்சு வந்து அப்பா கால்ல விழுந்தான். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அங்கேர்ந்து எந்திரிச்சு நேரா இராஜாங்கம் ஐயா வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டான். அவர் கோபமே படலையாம். "நீதானேப்பா சொன்ன, எந்த மாடு செத்தாலும் சொல்லுங்கன்னு? உன்னைப் புடிக்க முடியல, உங்கப்பன்கிட்டச் சொன்னோம். இதுல நாங்க என்ன தப்புப் பண்ணோம்?"னு கேட்டாராம். இவன், "இனிமே கூப்பிடாதீங்க, நான் வர மாட்டேன்"னு சொல்லிட்டு வந்துட்டான். சொல்லிட்டான், ஆனா சொல்ல வேண்டிய காலத்துல சொல்லல.

அப்பாவுக்கு ரெண்டு நாள் காய்ச்சல் இருந்துச்சு, நான் மாத்திரை கொடுத்துக் கொறைஞ்சுது. எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சாரு. ஒருநாள் பிரஷர் பாத்துக்கிட்டு இருக்கும்போது திடீர்னு, "அந்தக் கொம்பை அவன் வாய் மேல பாக்க வைப்பானா, கீழ பாக்கவா?"ன்னு கேட்டாரு. எனக்கு எரிச்சல். "கீழதான். மேல பாத்தாத் தண்ணி நிக்குமாம். இப்ப அந்தக் கருமாந்திரத்தைப் பத்தி என்ன பேச்சு?"ன்னேன். "சும்மா கேட்டேன்"னாரு.

கார்த்திகையில அண்ணன் மிச்ச வேலையை முடிக்க மறுபடி ஓசூர் போனான். அடைமழை. அந்த வாரத்துல அப்பா எங்க போய் நனைஞ்சாருன்னு தெரியல, காய்ச்சல் திரும்ப வந்துச்சு. இந்தத் தடவை நெஞ்சுல சளி கட்டிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரியில சேத்தோம். அண்ணன் ஓடி வந்து எட்டு நாள் கட்டில் பக்கத்துல இருந்து நகரல. அப்பா அவனையே பாத்துக்கிட்டு இருப்பாரு. மூஞ்சியில ஆக்சிஜன் மாஸ்க். அதைக் கழட்டிட்டு ஒரு வார்த்தை பேசிடுவாருன்னு அண்ணன் காத்துக்கிட்டே இருந்தான். மார்கழி பொறந்து மூணாம் நாள் போயிட்டாரு. பேசவே இல்ல.

கருமாதி முடிஞ்சும் அண்ணன் ஷெட்டை விட்டு வெளிய வரல. கொடியை வெட்டி விடுற பருவம், வெட்டல. தை போச்சு, மாசி போச்சு. கொம்பை எடுக்க வேண்டிய பங்குனி வந்தப்ப, "கெடக்கட்டும் தங்கம், அந்தக் கருமத்தை நான் தொட மாட்டேன்"னான். எனக்குக் கோபம் வந்துச்சு. "உள்ள வச்சுக்கிட்டு உக்காந்தா அப்பா வந்துடுவாரா? தோண்டி எடு. எடுத்து ஆத்துல வீசு. எங்கப்பா வாங்கின மண்ணு, அதுல அது கெடக்கக் கூடாது"ன்னேன். ஞாயித்துக்கிழமை காலையில நானும் போனேன். நானும் வர்றேன்னு அம்மாவும் கூடவே வந்துச்சு. ஏன் வருதுன்னு அப்ப எனக்குப் புரியல.

அண்ணன் மண்வெட்டியால மேல் மண்ணைத் தள்ளிட்டுக் கையால தோண்டினான். ஒவ்வொண்ணா எடுத்து என்கிட்டக் கொடுத்தான். நான் கோணியில வரிசையா வச்சேன். பதினாறு, பதினேழு, பதினெட்டு. முடிஞ்சுதுன்னு எந்திரிச்சேன். அண்ணன் கை மண்ணுக்குள்ளயே இருந்துச்சு. இன்னொண்ணு எடுத்தான். அப்புறம் இன்னொண்ணு.

அந்த ரெண்டும் வேற மாதிரி இருந்துச்சு. அண்ணன் அறுக்கிறது பிளேடு, ஓரம் சொரசொரன்னு இருக்கும். இது கத்தியால ஒரே வழிப்பா வழிச்சு எடுத்த கொம்பு, விளிம்பு வழவழன்னு இருந்துச்சு. அந்த வேலை தெரிஞ்ச கை எடுத்தது. வாயில சாணி கொட்டாம இருக்கத் துணியால கட்டியிருந்துச்சு. சிவப்புக் கரை போட்ட துண்டுத் துணி. அது யாரோட துண்டுன்னு எங்க மூணு பேருக்கும் தெரியும்.

அம்மா வரப்புல உக்காந்துடுச்சு. "சாணி நான்தான் அள்ளிக் கொடுத்தேன்"னுச்சு.

"எப்பம்மா?"

"கார்த்திகையில. இவன் ஊர்ல இல்லாதப்ப. குடை எடுத்துட்டு வர்றேன்னேன், வேணாம்னாரு. இங்கதான் உக்காந்து ஒத்தைக் கையால நோண்டுனாரு."

"மாடு இழுக்கப் போனது..." நான் அம்மா பக்கம் திரும்பினேன்.

"கூப்பிட வந்தவன்கிட்ட உங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. கொம்பு உள்ள மாடான்னு. ஆமான்னான். அப்புறந்தான் துண்டை எடுத்தாரு." அம்மா அண்ணனைப் பாத்துச் சொல்லுச்சு: "இருபது ஆயிட்டா எவன் வாசல்லயும் நிக்க மாட்டேன்னு நீ சொல்லிக்கிட்டே இருப்பல்ல. இருபது ஆக்கிட்டேன், இனிமே அவன் போக வேண்டியதில்லன்னாரு."

"ஏம்மா சொல்லல? ஆஸ்பத்திரியில அவ்வளவு நாள் இருந்தேனே, ஏம்மா சொல்லல?"

"சொல்லாதன்னாரு. எடுக்கும்போது எண்ணுவான்ல, அப்பத் தெரிஞ்சுக்கட்டும், மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்னாரு. பங்குனி வரைக்கும் இருப்போம்னுதான் நெனைச்சாரு."

அந்த நேரத்துல எனக்கு அண்ணனை அடிக்கணும் போல இருந்துச்சு. கட்டிப் பிடிச்சுக்கணும் போலயும் இருந்துச்சு. அம்பது வருஷமா அந்த மனுஷன் கைக்குள்ள பொத்தி வச்சிருந்த ஒண்ணே ஒண்ணு, அதை இவனுக்காக விட்டுக் கொடுத்துட்டுப் போயிருக்காரு. நான் வேற அவர் உடைஞ்சுபோயிட்டாருன்னு தலையில அடிச்சுக்கிட்டுக் கத்தினேன்.

"அப்பா உள்ள வந்திருக்காரு தங்கம்"னான் அண்ணன். "தோட்டத்துக்குள்ள வந்திருக்காரு."

"ஆமாண்டா. வந்துட்டுப் போயிட்டாரு"ன்னேன்.

அவன் அந்த ரெண்டு கொம்பையும் மத்ததுங்களோட சேத்து வச்சான். மண்ணுல மண்டி போட்டபடியே, ஒவ்வொண்ணையும் விரலால தொட்டு, மறுபடியும் மொதல்லேர்ந்து எண்ண ஆரம்பிச்சான்.